தாடையைப் பார்த்தவள்

கட்டைவிரலைக் கறுப்பு ரப்பர் உறைக்குள் விட்டுக்கொண்டு அவள் ஊரிலிருக்கும் அம்மாவோடு போனில் பேசுவாள். உறை விரலைப் பிடிக்கும், விடும். பிடிக்கும், விடும். மேசைமேல் மெஷின் டக்-டக், டக்-டக் என்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். மழை பெய்ததா, அண்ணனுக்குப் பார்த்த இடம் என்ன ஆயிற்று, அடுத்த வீட்டுக்காரி பேசுகிறாளா இல்லையா என்று காதும் வாயும் தென்காசிப் பக்கம் போயிருக்க, அந்த ஒரு விரல் மட்டும் ஒரகடத்தில் மாட்டுக்காம்பாக வேலை பார்க்கும். பேச்சு முடிந்ததும் விரலை உருவி, நுனி சிவந்திருக்கிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். சிவந்திராது. அப்போதும் முகம் தெளியாது.

“வலிக்கலக்கா. ஆனா விரல் ஞாபகத்துலயே இருக்கு. மறக்கணும்லா.”

வலிக்காமல் இருந்தால் போதும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் போதாது. மெஷின் மாட்டியிருப்பதே மாட்டுக்கு மறந்துபோக வேண்டும். அதுதான் அவள் வைத்திருந்த அளவுகோல். அந்த அளவுகோல் வேறு யாரிடமும் இல்லை என்பதுதான் என்னை முதலில் குத்தியது.

நாங்கள் பால் கறக்கும் மெஷின் வடிவமைக்கிறவர்கள். பெரிய கார் கம்பெனிகளின் மதில்கள் முடிகிற இடத்தில், லாரிகள் வரிசையாகத் தூங்கும் சாலையோரத்தில், எங்கள் கம்பெனி சிறியதாக இருந்தது. நான்கு எஃகுக் குவளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர் உறை, நான்கும் வந்து சேர்கிற ஒரு கிண்ணம், அங்கிருந்து பால் கேனுக்கு ஒரு குழாய். மாட்டின் உடம்பை மெஷின் தொடுகிற ஒரே இடம் அந்த ரப்பர் உறைதான். அதை அவள் வரைந்தாள். கிண்ணத்தையும் பால் ஓடும் வழியையும் நான் வரைந்தேன். அப்படித்தான் ஆரம்பம்.

பிறகு, இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்கென்று புது மாடல் ஒன்று போட வேண்டும் என்றார் மேனேஜர். நீங்கள் ஒன்று செய்யுங்கள், அவள் ஒன்று செய்யட்டும், சோதித்துப் பார்த்து ஒன்றைத் தயாரிப்பு லைனுக்கு அனுப்புகிறேன் என்றார். லைனுக்குப் போனால்தான் வரைந்தது பொருளாகும். போகாதது காகிதம். காகிதமாகவே போன பலவற்றை அலமாரியில் வைத்திருக்கிறவள் நான். இந்த ஒன்றையாவது விடக்கூடாது என்று நினைத்தேன்.

என்னுடையது வேகமானது. அதில் தப்பொன்றும் இல்லை. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் வீட்டில் மாடும் வைத்திருக்கிற ஊர் இது. பஸ் வந்து நிற்பதற்குள் கறந்து, கேனைப் பால் சொசைட்டியில் வைத்துவிட்டு ஓட வேண்டும். அவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒரு வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போகும்வரை மாட்டு மூத்திர வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். அவளோ கண்டக்டர் வீட்டுப் பெண். மாட்டைப் பஸ் சன்னல் வழியாகப் பார்த்தவள். சோதனைக் கொட்டகைக்கு முதன்முதலில் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். மாடு தலையை ஆட்டியதும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கொட்டகை வாலாஜாபாத் போகிற சாலையில், உள்ளே தள்ளி இருந்தது. லூர்துமேரியக்காவுடையது. கணவர் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. கலப்பின மாடுகளை அவளே பார்த்துக்கொண்டாள். எங்கள் மெஷின்களைச் சோதிக்க இடம் கொடுத்ததோடு எங்களையும் சோதிப்பாள். அங்கே ஒரு கறுப்பு வெள்ளை மாடு இருந்தது. யார் வந்தாலும் தலையை ஒருபுறம் சாய்த்து, வீட்டுப்பாடம் எங்கே என்பதுபோலப் பார்க்கும். அதற்கு டீச்சர் என்று பெயர்.

பயம் தெளிய அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அவள் மாட்டின் பின்பக்கம் போகவே இல்லை. மடியைப் பார்க்க வந்தவள் முகத்துக்கு எதிரில், எட்டாத தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டு தாடையைப் பார்த்தாள். கீழ்த்தாடை ஒருபக்கமாகப் போய், சுற்றி, திரும்பி வரும். ஆள் கிட்டே வந்தால் நிற்கும். மெஷினின் சத்தம் மாறினால் நிற்கும். உறை நழுவிக் காற்று கீச்சிட்டால் நிற்கும். மறுபடி நிம்மதி வந்தால் தொண்டைக்குள் ஓர் உருண்டை ஏறி வருவது தெரியும், தாடை ஓடத் தொடங்கும். சிறுவயதிலிருந்து நான் பார்த்ததுதான். பார்த்தேன் என்பது அவள் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவளிடம் கேள்வி ஒன்றுதான். எத்தனை லிட்டர், எவ்வளவு நேரம் என்று மேனேஜர் கேட்பார். கொட்டகையிலிருந்து யார் திரும்பி வந்தாலும் அவள் கேட்பது: “அசைபோட்டுச்சா?”

மாட்டோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர்களின் தாடையையும் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு மதியம் கேன்டீனில் மேனேஜர் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்து, அவள் செய்த உறையின் உதடு ரொம்ப நேர்த்தி என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். நான் சாம்பார் சாதத்தை வாயில் வைத்திருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மெல்லுறத நிறுத்திட்டீங்க.”

கல் கடிபட்டுவிட்டது என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை, கோபப்படவும் இல்லை. என் தட்டிலிருந்த அப்பளத்தை ஓரமாக நகர்த்திவிட்டு மேனேஜரின் மகளுக்குப் பரீட்சை வருவதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நான் மறுபடி மெல்லும்வரை பேசினாள். அன்றைக்குப் புரிந்தது: என் பொறாமைக்கு நான் பூட்டு போட்டு வைத்திருந்த கதவு தாடையில் இருந்தது. அதன் சாவி அவளிடம் இருந்தது.

அவள் செய்தவற்றை நான் மட்டுமே கவனித்தேன். பொறாமைக்காரர்களைப் போல உன்னிப்பாகப் பார்க்கிறவர்கள் யாரும் கிடையாது. லைனில் வேலை செய்யும் பெண்கள் கேன்டீனில் அள்ளிப்போட்டுக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். நேரமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அவர்களுடைய நீள மேசை திரும்பிக் கிடந்தது. அதுவரை சூப்பர்வைசர்கள் உட்காரும் இடத்தைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். இப்போது சன்னலைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். வெளியே ஒரு வேலிக்காத்தான் மரமும் உடைந்த பெஞ்சும் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் பேச்சு கேட்டது. யாரோ யாரையோ கிண்டல் செய்தார்கள், ரசத்துக்கு மறுமுறை கை நீண்டது. மேசையை யார் திருப்பியது என்று யாரும் கேட்கவில்லை. திருப்பியதே யாருக்கும் தெரியவில்லை. நான் வேலை நேரம் போகக் கதை எழுதுகிறவள். ஒரு வரியைப் படித்தால் ஆள் நின்றுவிட வேண்டும், தேநீர் ஆறிப்போக வேண்டும் என்று ஏங்குகிறவள். யாரும் நிற்காமல் போவதற்காக ஒருத்தி இவ்வளவு பாடுபடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் சாப்பாடு சலித்துப்போயிற்று என்றாளே என்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். சுங்குவார்சத்திரத்தில் இறங்கி நடந்தே வந்தாள். என் கணவர் சாப்பாட்டில் குறை காண்கிறவர். உப்பில்லை, உறைப்பு போதாது, ஏதாவது. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நிதானமாகச் சாப்பிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். இன்னிக்கி கொழம்பு நல்லா கீதே என்றார். அதே குழம்பு. அதே கை. பாத்திரம் கழுவும்போதுதான் கண்டுபிடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தண்ணீர் டம்ளரை அவருடைய வலப்பக்கம் வைத்து வந்திருக்கிறேன். எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு இடக்கையால் குறுக்கே எட்டி எடுப்பார், ஒவ்வொரு முறையும். அவள் பரிமாறும்போது டம்ளரை இடப்பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் செய்தாள்.

அன்று மாலை அவள் போனபிறகு டம்ளரை மறுபடி வலப்பக்கம் வைத்தேன். அவர் வழக்கம்போல இடக்கையால் குறுக்கே எட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

சோதனை தொடங்கியது. மதியக் கறவைக்கு ஒருநாள் அவள் தன் மெஷினோடு போவாள், மறுநாள் நான் என்னுடையதோடு போவேன். அவள் முறையன்று நானும் போய் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். என் முறையன்று அவள் வரமாட்டாள். தன் கண் பட்டு என் சோதனை கெட்டுவிடக் கூடாதாம்.

கொட்டகைக்குப் போட்டுக்கொள்ள எங்களுக்குக் கம்பெனி ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தது. ஸ்டோரில் இருந்ததிலேயே சின்னதும் அவள் காலுக்குப் பெரிது. நடந்தால் சளப், சளப் என்று கால் உள்ளே நீந்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு, பயம் முழுதும் போகாத நடையோடு, ஒவ்வொரு மாடாகப் போய் மடியைத் துடைப்பாள். அவசரமே இராது. துடைத்தபிறகு குவளைகளை மாட்டுவாள். மாடுகள் அசைபோட்டுக்கொண்டே இருக்கும். டீச்சர் கண்ணை அரைகுறையாக மூடிக்கொள்ளும். பால் கண்ணாடிக் குழாயில் கயிறுபோல இறங்கும்.

என் முறையன்று அதே டீச்சர் விறைத்துக்கொண்டு நிற்கும். தாடை நிற்கும். பால் தாமதமாக வரும். வந்தபிறகு என் கிண்ணத்தில் அது பாய்ந்து ஓடும், அது வாஸ்தவம். ஆனால் வந்தால்தானே. ஒருமுறை எட்டி உதைத்து நான்கு குவளைகளையும் சாணியில் தள்ளியது. லூர்துமேரியக்கா எடுத்துக் கழுவிக்கொண்டே, உன்னோட மெஷினு கடன்காரன் மாதிரி வந்து நிக்குது மேடம் என்றாள். சிரித்துவைத்தேன்.

அவள் அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாள். அவள் முறை நாட்களில் அவள் மெஷினை நானே மாட்டிச் சோதிக்கும்படி மேனேஜர் சொன்னார். மாட்டினேன். எதையும் மாற்றவில்லை. அதே உறை, அதே துடிப்பு, அதே மாடு. டீச்சர் காலை மாற்றி மாற்றி வைத்தது. தாடை நின்றது. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தது. உறை நழுவிக் காற்று கீச்சிட்டது. பால் வரவில்லை.

என் உடம்பெல்லாம் ஒரு தித்திப்பு ஓடியது.

அவளுடைய அடுத்த முறையன்றும் அப்படியே. அதற்கடுத்த முறை, மூலையில் அவளுடைய பூட்ஸ் கிடந்தது கண்ணில் பட்டது. என்னமோ தோன்றியது. அதைப் போட்டுக்கொண்டேன். என் காலுக்கு அது கொஞ்சம்தான் தளர்வு, ஆனாலும் வேண்டுமென்றே காலை இழுத்து நடந்தேன். சளப், சளப். கொட்டகை முழுதும் காதுகள் திரும்பின. டீச்சரின் தாடை ஓட ஆரம்பித்தது. நான் இன்னும் அதைத் தொடவில்லை, துணிகூட நனைக்கவில்லை, காம்பு நுனியில் பால் துளிர்த்துச் சொட்டத் தொடங்கியது. இன்னும் இரண்டு அடி வைத்தேன். டீச்சர் தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தது. நிதானமாகப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாடை நின்றது. சொட்டும் நின்றது.

லூர்துமேரியக்கா தவிட்டு வாளியோடு பின்னால் நின்றிருந்தாள்.

“ஏம்மா, அவ பூட்ஸ மாட்டிக்கினா நீ அவளாயிடுவியா?”

அன்றைக்கு எனக்கு அழுகையும் வந்தது, வெற்றியும் வந்தது. மாடுகள் அவளுடைய மெஷினுக்குப் பால் விடவில்லை. அவளுக்கு விட்டிருக்கின்றன. அந்தக் காலடிச் சத்தத்துக்கு, ஈரத்துணிக்கு, அந்த நிதானத்துக்கு. அவள் எடுத்த சோதனை எதுவும் செல்லாது. மெஷினைப் பெட்டியில் வைத்து விற்கலாம், அவளை விற்க முடியாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைச் செதுக்கினேன். கோள் சொல்வதுபோல இருக்கக் கூடாது. அக்கறையாக இருக்க வேண்டும். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப்பார்த்தேன். அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமையே திரும்பி, ஹாஸ்டலுக்குப் போகாமல் பையோடு கொட்டகைக்குப் போயிருக்கிறாள். அசைபோட்டுச்சா என்று கேட்டிருக்கிறாள். லூர்துமேரியக்கா பூட்ஸ் கதை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கையில் மருதாணி சிவப்பு மாறியிருக்கவில்லை. தான் எடுத்த சோதனைகளை எல்லாம் தள்ளிவிடுங்கள் என்றாள். மாடு மெஷினுக்குப் பால் இறக்கவில்லை, தனக்குத்தான் இறக்கியிருக்கிறது என்றாள். திருட்டில் பிடிபட்டவள் முகம் அது. மேனேஜருக்குச் சிரிப்பு. நல்லதுதானேம்மா, மாடு உன்னை நம்புகிறது என்றுதானே அர்த்தம் என்றார்.

“நம்பி என்ன சார் செய்ய. மெஷினு போற அட்டைப்பெட்டியில நானும் ஏறி உக்காந்துக்கிட முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காட்டிக்கொடுக்கும் வாய்ப்பைக்கூட அவளே எடுத்துக்கொண்டாள். நான் செதுக்கிய வாக்கியங்கள் வாய்க்குள்ளேயே கரைந்தன.

என்னால் அவளை மன்னிக்க முடியாதது அதுவல்ல. ஒரு காலடிச் சத்தம் கேட்டதும் ஓர் உயிர் தன் பாலை இறக்கிவைக்கிறது. முகத்தை அடையாளம் கண்டு, வேறு முகம் என்றால் திருப்பிக்கொள்கிறது. வாழ்நாளெல்லாம் நான் கேட்டதே அதுதான். யாராவது ஒருவர் என் சத்தத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான். அது அவளுக்குக் கேட்காமலே கிடைத்தது. கிடைத்ததை அவள் ஒரு பழுதாகப் பார்த்தாள். சரிசெய்ய உட்கார்ந்தாள்.

கொட்டகைக்குப் போவதை அன்றோடு நிறுத்தினாள். மாடுகள் தன்னை மறக்கட்டும் என்றாள். தன் கை என்ன செய்தது என்று யோசித்து அதை மெஷினுக்குள் வைக்கப் பார்த்தாள். மாட்டியவுடனே இழுக்காமல், முதலில் கொஞ்ச நேரம் உறை சும்மா தட்டிக்கொடுக்க வேண்டும். மடி இளகியபிறகுதான் இழுக்க வேண்டும். இது ஊரில் இல்லாத கண்டுபிடிப்பு அல்ல, வெளிநாட்டு மெஷின்களில் உண்டு. எங்கள் விலைக்குள், எங்கள் மின்சாரத்துக்கு, எங்கள் மாடுகளுக்கு அதைக் கொண்டுவருவதுதான் பாடு. கட்டைவிரல் மறுபடி உறைக்குள் போயிற்று. அம்மாவோடு பேச்சு குறைந்தது.

திருத்தி முடித்த மெஷினைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து நின்றது என் மேசை முன்னால்.

“நீங்கதான் மாட்டிப் பாக்கணும்க்கா. உங்கள டீச்சருக்குப் பிடிக்காதுல்லா. அதான் சரியா இருக்கும்.”

அவமானமா, நம்பிக்கையா என்று இன்றுவரை பிரிக்க முடியவில்லை. அதன்பிறகு என் முறையன்று என் மெஷினை மாட்டினேன். அவள் முறையன்று அவளுடையதையும் நானே மாட்டினேன். அவள் கம்பெனி ஜீப்பில் கூட வருவாள். கொட்டகைக்குத் திரும்பும் முனையில் ஒரு டீக்கடை, அங்கே இறங்கிக்கொள்வாள். ஜீப் என்னைக் கொட்டகையில் விட்டுவிட்டு அங்கேயே திரும்பிவிடும், முடிந்ததும் நான் நடந்து போவேன். தூரத்தில் பார்த்ததுமே எழுந்து நிற்பாள். அசைபோட்டுச்சா என்பாள். இல்லை என்பேன். தலையாட்டி, டம்ளரை வைத்துவிட்டு, ஜீப்பில் ஏறுவாள். எத்தனையோ முறை இல்லை என்றேன். ஒவ்வொரு இல்லையும் எனக்குக் கற்கண்டு. அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பது அதைவிட இனிப்பு.

மேனேஜர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். என்னுடையது டீச்சரைத் தவிர மற்ற மாடுகளிடம் ஒருமாதிரி பழகிவிட்டது. இந்த வாரத்தோடு முடிவு செய்துவிடுவேன், அவளுடையது சரிவரவில்லை என்றால் உங்களுடையதே போகட்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அந்த வாரம் மழை விட்ட ஒரு மதியம். தரை சொதசொதவென்று கிடந்தது. டீச்சருக்கு அவள் மெஷினை மாட்டினேன். என் பூட்ஸோடு, என் அவசரத்தோடு, எனக்குத் தெரிந்த மாதிரி. டீச்சர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. உறை தட்டத் தொடங்கியது. மெதுவாக, இழுக்காமல். நான் அதன் முகத்துக்கு எதிரில் போய் நின்றேன், அவள் ஆரம்பத்தில் நின்ற அதே இடத்தில். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே நன்றாகத் தெரிந்தது. அந்தத் தாடை ஓடக்கூடாது.

தொண்டையில் உருண்டை ஏறியது. கீழ்த்தாடை ஒருபக்கமாகப் போனது. சுற்றியது. திரும்பி வந்தது. என்னைப் பிடிக்காத மாடு, என் கையால் மாட்டிய மெஷினோடு, நான் அங்கே நிற்பதையே மறந்து அசைபோட்டது. பால் இறங்கியது. உறை கீச்சிடவில்லை. முடிந்து குவளைகளைக் கழற்றியபோதும் தாடை நிற்கவில்லை.

“பாத்தியா, நீ நின்னுக்கினு கீறதே அதுக்குத் தெரில” என்றாள் லூர்துமேரியக்கா.

டீக்கடைவரை நடந்தேன். இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஒரு சொல். அவள் கேட்டு வரமாட்டாள், கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றாலும் முடிந்தது, வேறுவிதமாக. இரண்டில் எது என் வாயிலிருந்து வரும் என்று நடந்துகொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. அவள் எழுந்து நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் கடைக்காரரிடம் ஒரு மசால்வடை கேட்டேன். யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. சுடச்சுட இருந்தது. ஒரு கடி கடித்தேன்.

அவள் கேட்கவில்லை. முதல்முறையாகக் கேட்கவில்லை. என் முகத்துக்கு எதிரில், எட்டாத தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லாரி ஒன்று போயிற்று. இன்னொன்று போயிற்று. வடை என் கன்னத்துக்குள் அப்படியே இருந்தது.

“அப்ப போட்டுருச்சு” என்றாள்.

அவளுடைய மெஷின் லைனுக்குப் போயிற்று. என் கிண்ணத்தில் பால் ஓடும் வழி நன்றாக இருக்கிறது, அதையும் இதில் சேர்க்கலாம் என்று மேனேஜரிடம் அவளே சொன்னாள். சேர்த்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

வெகுநாள் கழித்து ஒருமுறை அவள் கொட்டகைக்கு வந்தாள். மூலையில் கிடந்த பூட்ஸைத் தட்டி, உள்ளிருந்த பல்லியை விரட்டிவிட்டு மாட்டிக்கொண்டாள். வாசலிலிருந்து உள்ளே நடந்தாள். சளப், சளப். ஒரு காதும் திரும்பவில்லை. டீச்சர் மெஷின் மாட்டியபடி, கண்ணை அரைகுறையாக மூடி, மென்றுகொண்டிருந்தது. அவள் அதன் முகத்தருகில் போய் நின்றாள். டீச்சர் அவளைத் தாண்டி எதையோ பார்த்தது. அடையாளம் தெரியவில்லை. அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றவர்களிடம்கூட. “மறந்துட்டுக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

அதற்கப்புறம் அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். காது கேட்காத குழந்தைகளுக்கான கருவி செய்யும் இடம் என்று கேள்வி. அங்கே எந்தக் குழந்தையின் முகத்துக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளோ. போன் செய்ததில்லை. அவளும் செய்ததில்லை. வீட்டில் டம்ளர் இப்போது இடப்பக்கம்தான் இருக்கிறது. எப்போது மாறியது என்று அவருக்குத் தெரியாது.

அந்த மாடலுக்கு இன்று நான்தான் பொறுப்பு. போன வாரம் பம்ப்பில் ஏதோ சத்தம் என்று லூர்துமேரியக்கா கூப்பிட்டாள். பெல்ட் தளர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை. சரிசெய்து கை கழுவியதும் வறுத்த வேர்க்கடலையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். டீச்சருக்கு வயதாகிவிட்டது, முதுகெலும்பு கூரைபோல நிற்கிறது. இன்னும் கறக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லா கீது மேடம் இந்த மெஷினு. மாட்டிக்கினு கீறதே தெரில அதுக்கு” என்றாள் லூர்துமேரியக்கா. கடலைத் தோலை ஊதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ ஒரு பொண்ணு வரும் உன்கூட. பெரிய பூட்ஸ் போட்டுக்கினு, சளக்கு சளக்குன்னு. அது பேரு இன்னா? வாயில நிக்குது, வர மாட்டேங்குது.”

பெயர் எனக்குத் தெரியும். அப்பா பெயரின் முதலெழுத்தோடு, அவள் கையெழுத்தின் சுழியோடு, நாக்கின் மேலேயே இருந்தது. லூர்துமேரியக்கா என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். டக்-டக், டக்-டக் என்று உறை தட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் எங்கள் இருவரையும் பார்க்காமல் மென்றுகொண்டிருந்தது.

கடலை என் பல்லிடுக்கில் அப்படியே நின்றது.